சரியாக விழத் தெரிந்தவர்

செவெரின் ட்ரோஸ்ட் பியாஸ்கோவோ நகர அரங்கில் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறார். வாளால், கோடரியால், நஞ்சால், ஒருமுறை தேவாலய மணியைத் தலையில் இறக்கி. கொல்லப்பட்டவர்கள் எல்லோரும் திரை விழுந்ததும் எழுந்து, முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருந்த ரயில்வே உணவகத்துக்கு வோட்காவும் ஊறுகாய் வெள்ளரியும் சாப்பிடப் போய்விடுவார்கள். தான் இயக்கும் மேடையில் ஒருவருக்கும் சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கர்வம். மேடைக்கு வெளியே அவர் அவ்வளவு சாது என்று சொல்ல முடியாது.

இளைஞர் சங்கத்தில் சிவப்புக் கழுத்துப்பட்டையோடு திரிந்த காலத்தில் சொந்த அத்தை மகனின் மூக்கை உடைத்தார். அத்தை வீட்டுச் சுவரில் தலைவர் படத்தைவிடக் கன்னி மரியாள் படம் ஒரு சாண் மேலே மாட்டியிருந்ததுதான் காரணம். ஐந்தாறு வருடம் கழித்துக் காற்று மாறியபோது அதே தலைவர் படத்தைக் கழற்றி இரண்டாம் மாடி ஜன்னல் வழியாக வீசினார். அது கீழே சைக்கிளில் போன தபால்காரரின் தோள்பட்டையை இறக்கிவிட்டது. அரசியலில் தான் எடுத்த ஒவ்வொரு நிலைப்பாட்டுக்கும் யாரோ ஒருவர் கட்டுப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்ததென்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

விழுவதை அவர் எங்கே கற்றார் என்பதற்கு மூன்று கதைகள் உண்டு. போர்க்காலத்தில், அவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஜெர்மானியர்கள் சந்தைச் சுவரோரம் ஆட்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். குண்டு வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் தானே விழுந்ததாக நடிகைகளிடம் சொல்வார். பக்கத்தில் நின்ற மாமா பிடித்துத் தள்ளியதாகப் பாதிரியாரிடம் சொன்னார். குடித்திருக்கும்போது, செருப்பு வார் தடுக்கியது என்பார். மூன்று கதையிலும் மாறாதது ஒன்றுதான். மேலே மாமா கிடந்தார். அவர் உடம்பு சில்லிட்டுப் போகும்வரை இவர் அடியில் அசையாமல் கிடந்தார்.

அதனால்தானோ என்னவோ, புதிதாக வந்த எந்த நடிகரையும் முதலில் பேசவிட மாட்டார். விழச் சொல்வார்.

"முழங்கால், இடுப்பு, தோள். கன்னம் கடைசியில. முகம் தரையில படுறதுக்கு முன்னாடி உடம்பு பூரா தரையில இருக்கணும். புரிஞ்சுதா?"

அறைவதற்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. அறைகிறவன் கை முகத்துக்கு முன்னால் காற்றில் போகும். சத்தத்தை அறை வாங்குகிறவன்தான் தன் இரண்டு கையையும் மார்போரம் மறைவாகத் தட்டி எழுப்ப வேண்டும். "சத்தம் வாங்குறவன்கிட்ட இருந்து வந்தா அது கலை. குடுக்கிறவன்கிட்ட இருந்து வந்தா ரௌடித்தனம்" என்பார்.

ஆளும் கட்சியின் உறுப்பினர் அட்டையை அவர் நெடுங்காலம் வைத்திருந்தார். அட்டை இல்லாத இயக்குநரின் அரங்குக்கு ஆணி கிடைக்காது, பலகை கிடைக்காது. எழுபதாம் ஆண்டு டிசம்பரில் கடற்கரைத் துறைமுக ஊரொன்றில் வேலையாகப் போயிருந்தபோது, சுடப்பட்ட ஒரு தொழிலாளியைக் கழற்றிய கதவொன்றில் கிடத்தித் தெருவழியே தூக்கிப் போனதைப் பார்த்தார். கதவில் கைப்பிடி இருந்தது. அதை ஒருவன் பிடித்துக்கொண்டு நடந்தான். ஊர் திரும்பி, தன் அடுத்த நாடகத்தில் இளவரசனின் பிணத்தைக் கதவில் தூக்கி வரச் செய்தார். தணிக்கை அலுவலகம் கதவை எடுக்கச் சொன்னது. எடுத்துவிட்டார். அட்டையையும் வைத்துக்கொண்டார். பத்து வருடம் கழித்து ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வந்தபோது சுதந்திரத் தொழிற்சங்கத்தில் சேர்ந்து, தொழிலாளர்களுக்கு உரை எழுதிக் கொடுத்தார். எண்பத்தொன்று டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்து, தெருவில் டாங்கிகள் நின்றபோதுதான் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அலுவலகம் மூடியிருந்ததால் கட்சி அலுவலகத் தபால் பெட்டியில் போட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் கைதட்டலுக்குப் புது வேலை கிடைத்தது. சீருடைக்காரர்கள் பிடித்துக்கொண்ட தொலைக்காட்சியில் முகம் காட்டிய நடிகர் யாராவது மேடை ஏறினால் மக்கள் கைதட்டத் தொடங்குவார்கள். நிறுத்த மாட்டார்கள். அவர் வாயைத் திறப்பார், கைதட்டல் கூடும். வணங்குவார், இன்னும் கூடும். உள்ளே போகும்வரை விடமாட்டார்கள். அவ்வளவு மரியாதையாக யாரையும் எந்த நாட்டிலும் விரட்டியிருக்க மாட்டார்கள்.

அரங்குக்கு என்றே ஒரு ரகசியப் போலீஸ் அதிகாரி இருந்தார். கேப்டன் கிளிமெக். நாடகப் பைத்தியம். மூன்றாம் வரிசை ஓர இருக்கை அவருடையது. கண்காணிப்பு என்ற பெயரில் ஒத்திகைக்கெல்லாம் வந்து உட்காருவார். ஆலோசனையும் சொல்வார். எரிச்சலான விஷயம், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அந்த மார்ச்சில் மேடையேறிக்கொண்டிருந்தது அரசனுக்கு அடங்காத ஒரு பிரபுவின் கதை. மூன்றாம் அங்கத்தில் பிரபு விருந்து மேசையில் உட்கார்ந்திருக்க, அரசனின் சிப்பாய்கள் வந்து இழுத்துப் போவார்கள். பிரபுவாக நடித்தவன் லூட்சியான். அரங்குத் தொழிற்சங்கக் கிளையின் தலைவன் அவன்தான். டிசம்பரில் முகாமில் அடைத்து, பிப்ரவரியில் விட்டார்கள். விட்ட பிறகும் சும்மா இராமல் தேவாலயங்களில் துண்டறிக்கை வாசித்தான். மறுபடி பிடிக்க வந்தபோது இரண்டு முறை கொதிகலன் அறை வழியாக நழுவிவிட்டான்.

"ட்ரோஸ்ட் சார், அந்தச் சிப்பாய்ங்க ரொம்ப மெதுவா வர்றாங்க" என்றார் கிளிமெக், ஓர் ஒத்திகையின் இடைவேளையில். "கைது பண்ண வர்றவன் கதவுகிட்ட நின்னு யோசிக்க மாட்டான். கதவு திறக்கும்போதே பாதி வழி வந்திருப்பான்."

"உங்களுக்கு அனுபவம் ஜாஸ்தி."

"கேலி பண்ணாதீங்க. கலைக்காகத்தான் சொல்றேன்."

ட்ரோஸ்ட் சிப்பாய்களை வேகமாக வரச் சொன்னார். காட்சி நன்றாகவே மாறிவிட்டது.

ஒரு நாடகத்தின் கடைசி நாள் ஆட்டத்தை எங்கள் நாடகக்காரர்கள் பச்சைக் காட்சி என்பார்கள். அன்று நடிகர்கள் ஒருவருக்கொருவர் ரகசியமாகக் கண்ணி வைப்பார்கள். மேசைக் கோழி பறக்கும். தண்ணீர்க் குவளையில் வோட்கா இருக்கும். வாளை உருவினால் உறைக்குள்ளிருந்து பூங்கொத்து வரும். சட்டம் ஒன்றே ஒன்று. என்ன நடந்தாலும் பாத்திரத்தை விட்டு வெளியே வரக் கூடாது. சிரித்தவன் எல்லோருக்கும் வோட்கா வாங்கித் தர வேண்டும். பார்வையாளர்களுக்கும் இது தெரியும். அதைப் பார்க்கவென்றே டிக்கெட் வாங்குவார்கள்.

ட்ரோஸ்டின் அரங்கில் பச்சைக் காட்சிக்குத் தடை. சண்டைக் காட்சியில் ஒருவன் காலை அரை அடி தப்பாக வைத்தால் இன்னொருவன் கண் போய்விடும் என்பார். அந்த வருடம் கேட்டு வந்தது லூட்சியானும் அப்பொலோனியாவும்.

அப்பொலோனியா வசனம் எடுத்துக் கொடுப்பவள். மேடையின் முன்விளிம்பில், நடுவில், தரையோடு தரையாக இருக்கும் சிறு கூண்டுக்குள் இடுப்பளவு இறங்கி உட்கார்ந்திருப்பாள். அவள் தலை நடிகர்களின் கால் உயரத்தில் இருக்கும். மறந்த வசனத்தை மூச்சுக் காற்றில் கொடுப்பாள். அத்தனை வருடத்தில் முதல் வரிசையில் இருந்தவர்கள்கூட அவள் குரலைக் கேட்டதில்லை.

"தலைவரே, ஒரே ஒரு நாள்" என்றான் லூட்சியான். "முகாம்ல ரெண்டு மாசம் சிரிக்காம இருந்தேன். மூஞ்சி துருப்பிடிச்சுப் போச்சு."

"உன் மூஞ்சிக்கு அது மெருகுடா."

"யோவ் செவெரின்" என்றாள் அப்பொலோனியா. "சர்க்கரைக்குக் கூப்பன், கறிக்குக் கூப்பன், இப்ப சிரிப்புக்கும் கூப்பனா? நீ என்ன, மந்திரியா?"

"சண்டைக் காட்சியில கை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டோம்."

"சத்தியமா?"

"உன் கட்சி அட்டை மேல சத்தியமா" என்றான் லூட்சியான். ட்ரோஸ்ட் சிரித்துவிட்டார். சிரித்தவர்தானே தோற்றவர். அனுமதி கொடுத்தார்.

அன்று மாலை அரங்கு நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் ரயில்பெட்டித் தொழிற்சாலை ஆட்கள். முதல் அங்கத்தில் அரசனின் கிரீடத்துக்குள்ளிருந்து ஒரு புறா வெளியே வந்தது. இரண்டாம் அங்கத்தில் ராணியின் கடிதத்தைப் பிரித்தால் உள்ளே கறிக் கூப்பன். அதற்கு எழுந்த கைதட்டலில் தூசி பறந்தது. மேடைப் பக்கவாட்டில் நின்ற ட்ரோஸ்டும் வேண்டாவெறுப்பாக ரசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வரிசை ஓர இருக்கை காலியாக இருந்ததை அவர் கவனித்தார். கிளிமெக்குக்குச் சளி பிடித்திருக்கும் என்று நினைத்தார்.

மூன்றாம் அங்கம். மேசையில் லூட்சியான் ஆட்டுக்காலைக் கையில் எடுத்தான். கதவு திறந்தது. நான்கு பேர் வந்தார்கள். கதவு திறக்கும்போதே பாதி வழி வந்திருந்தார்கள்.

அவர்கள் தலையில் இருந்தது பழங்கால இரும்புத் தொப்பி இல்லை. கலவரப் போலீஸின் ஹெல்மெட், முகக் கண்ணாடி, கேடயம், நீண்ட வெள்ளைத் தடி.

அரங்கம் ஒரு கணம் மூச்சை நிறுத்தியது. பிறகு வெடித்தது. ராணுவச் சட்டத்தின் நடுவில், ஊர் மேடையில், அந்த உடுப்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறானே ட்ரோஸ்ட், என்ன நெஞ்சழுத்தம்! மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

லூட்சியான் நல்ல நடிகன். பாத்திரத்தை விடவில்லை. எழுந்து தலை வணங்கினான். "வாருங்கள், வீரர்களே. அரசர் உங்களைப் பசியோடு அனுப்பினாரா?" என்று வசனத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லி ஆட்டுக்காலை நீட்டினான்.

முதல் அடி காதில் விழுந்தது.

ட்ரோஸ்டுக்கு முதலில் வந்தது கோபம். சண்டைக் காட்சியில் கை வைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு இதென்ன? அதுவும் எவ்வளவு மோசமான வேலை! அடிக்கிறவன் தோளிலிருந்து வீசுகிறான், சத்தம் எக்கச்சக்கம். இரண்டாவது அடி அதே காதில். மட்டமான பயிற்சி, நாளைக்கு இவர்களை நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். மூன்றாவது அடிக்கு லூட்சியான் மேசையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். இரண்டு கையும் மேசை விளிம்பில் இருந்தன. இரண்டு கையும் மேசையில் இருக்கும்போது சத்தத்தை எழுப்பியது யார்?

அப்போதுதான் அவருக்குக் குளிர்ந்தது.

திரும்பி, திரை இழுப்பவனைப் பார்த்தார். அவன் கழுத்தில் ஒரு தடி குறுக்காக இருந்தது. தடிக்குப் பின்னால் ஒரு ஹெல்மெட். அதற்குப் பின்னால், மேலங்கியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, கிளிமெக்.

"மேடையில இருந்து நடிகன் ஓட மாட்டான், ட்ரோஸ்ட் சார்" என்றார் கிளிமெக், மெதுவாக, காட்சியைக் கெடுத்துவிடாத குரலில். "கொதிகலன் அறையில எல்லாம் எங்க பசங்களால ஓட முடியல."

மேடையில் நான்கு பேரும் சுற்றி நின்று மேலிருந்து கீழே அடித்துக்கொண்டிருந்தார்கள். விறகு பிளக்கிற மாதிரி. லூட்சியான் அலறினான். அலறலுக்கும் கைதட்டல். "பிரமாதம்டா லூட்சியான்!" என்று பால்கனியிலிருந்து ஒருவர் கத்தினார். அவன் கையால் தலையை மூடினான். விரல் உடைந்த சத்தம் பக்கவாட்டு வரை கேட்டது. அரங்கம் சிரிப்பில் உருண்டது.

இப்படியே விட்டால் கைதட்டலின் நடுவில் அவனைக் கொன்றுவிடுவார்கள். ட்ரோஸ்ட் ஓடினார். மேடை நடுவில் நின்று கையை விரித்தார்.

"நிறுத்துங்க! இது நிஜம்! இது நிஜமான போலீஸ்!"

அவர் வாழ்நாளில் எந்த வசனத்துக்கும் அவ்வளவு சிரிப்பு கிடைத்ததில்லை. இயக்குநரே வந்து நடிக்கிறார்! முன் வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும் சார், வயிறு வலிக்குது" என்றாள்.

ஒரு போலீஸ்காரன் அவரைக் கேடயத்தால் இடித்தான். பெரிய இடி ஒன்றுமில்லை. ஆனால் உடம்பு தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. முழங்கால், இடுப்பு, தோள், கடைசியில் கன்னம். அழகாக, ஓசையில்லாமல், காயமில்லாமல் விழுந்தார். அரங்கம் அதற்கும் கைதட்டியது.

படுத்த வாக்கில் அவருக்கு இரண்டு விஷயம் தெரிந்தன. ஒன்று, பக்கத்தில் லூட்சியானின் காதிலிருந்து வழிந்து பலகை இடுக்கில் இறங்கிய ரத்தம். மேடை ரத்தம் இவ்வளவு கறுப்பாக இருக்காது, இவ்வளவு வேகமாகவும் போகாது. இன்னொன்று, அவர் எழுப்பிய அரங்கம் இது. வன்முறையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இந்த ஊருக்குப் பழக்கியவர் அவர்தான். யாருக்கும் வலிக்காது என்று அவர்களை நம்ப வைத்தவரும் அவர்தான்.

எழுந்தார். மேடை விளிம்புக்கு நடந்தார். கேடயக்காரன் பின்னாலேயே வந்து மறுபடி முதுகில் கை வைத்தான். தள்ளக்கூட இல்லை, வெறுமனே தொட்டான். ட்ரோஸ்ட் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல், வெட்டிய மரம் போல முகம் குப்புற விழுந்தார்.

அவர் தாடை வசனக் கூண்டின் இரும்பு விளிம்பில் மோதியது. அந்தச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். தாடை இரண்டாகப் பிளந்தது. இரண்டு பல் கூண்டுக்குள் தெறித்து, அப்பொலோனியாவின் மடியில் விரித்திருந்த நாடகப் பிரதியில் விழுந்தன. அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவர் முகம், வாய் தொங்கிப் போய், கண் திறந்தபடி.

அப்பொலோனியா அலறினாள்.

அந்தக் குரலை அந்த அரங்கில் யாரும் கேட்டதில்லை. எந்தப் பாத்திரத்தின் குரலும் இல்லை அது. பச்சைக் காட்சியில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் வசனக் கூண்டு கத்தாது. சிரிப்பு பாதியில் அறுந்தது. "டேய், அது பல்லுடா" என்று முன் வரிசையில் ஓர் ஆண்குரல் சொன்னது தெளிவாகக் கேட்டது.

கிளிமெக் மேடைக்கு வந்தார். "குடிமக்களே, காட்சி முடிந்தது. அமைதியாகக் கலைந்து..."

கைதட்டல் தொடங்கியது. இது வேறு கைதட்டல். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நின்றுகொண்டு, ஒரே தாளத்தில், அவர் முகத்தையே பார்த்தபடி தட்டினார்கள். கிளிமெக் வாயைத் திறந்தார், மூடினார். இதற்கு முன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து எத்தனையோ நடிகர்களுக்கு இது நடப்பதைப் பார்த்தவர். முகம் வெளுத்தது. தட்டிக்கொண்டே தொழிற்சாலை ஆட்கள் மேடையை நோக்கி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தட்டுவதற்குக் கை போதவில்லை. நாற்காலிகளைப் பிடுங்கினார்கள். முதல் ஹெல்மெட் பிளந்தது. ஒருவனுடைய முகக் கண்ணாடியைக் கழற்றி, அதன் விளிம்பாலேயே அவன் மூக்கை அடித்தார்கள். கேடயக்காரனைத் தூக்கி வாத்தியக் குழிக்குள் எறிந்தார்கள். சின்னப் பையன்தான். தலைகீழாகப் போனான். குழியிலிருந்து ஒரு முறை "அம்மா" என்று கேட்டது. படுத்துக் கிடந்த ட்ரோஸ்ட் அவன் விழுந்த விதத்தைப் பார்த்தார். யாரும் அவனுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. அவனுடைய இடுப்பு எலும்பு கடைசிவரை சேரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டார்.

இன்னொரு போலீஸ் லாரி வந்து, கண்ணீர்ப் புகை உள்ளே வந்தபோது மக்கள் தப்பித்திருக்கலாம். பக்கக் கதவுகள் எல்லாம் திறந்தே இருந்தன. ஆனால் மேலங்கிகள் முன்மண்டபத்தில் மாட்டியிருந்தன. கடைகளில் பொத்தான்கூடக் கிடைக்காத வருடம், வெளியே பனி. சுதந்திரத்துக்காக மூக்குடைத்தவர்கள் எல்லோரும், கண்ணில் நீர் வழிய, மேலங்கியை ஒப்படைத்தபோது வாங்கிய பித்தளை வில்லை கையில் இருக்க, மேலங்கிக்கு வரிசையில் நின்றார்கள். அங்கே காப்பாளர் பெண்மணி, "வில்லை இல்லாம தர மாட்டேன், போலீஸே வந்தாலும் தர மாட்டேன்" என்று இருமிக்கொண்டே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். போலீஸ் வந்தது. வரிசையின் பின்னாலிருந்து அடித்துக்கொண்டே வந்தது. சிலர் மண்டை உடைந்த பிறகும் வரிசையை விட்டு விலகவில்லை.

லூட்சியான் பிழைத்தான். இடக் காது போய்விட்டது. ட்ரோஸ்ட் பார்த்துக்கொண்டு நின்ற மூன்று அடியும் அந்தக் காதில்தான்.

நீதிமன்றத்தில் ட்ரோஸ்டின் தாடை கம்பியால் கட்டியிருந்தது. கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றச்சாட்டு. சாட்சிக் கூண்டில் கிளிமெக் உண்மையைத்தான் சொன்னார். ட்ரோஸ்டை யாரும் அடிக்கவில்லை, அவரே விழுந்தார், சரியாக விழத் தெரிந்தவர் வேண்டுமென்றே தப்பாக விழுந்தார். இதைப் புரிந்துகொள்ள அந்த மன்றத்தில் இருந்த ஒரே ஆள் ட்ரோஸ்ட். மறுத்துத் தலையாட்டவும் இல்லை. ஒன்றரை வருடம் கொடுத்தார்கள். பின்னாளில், தான் பார்த்த நல்ல நாடக விமர்சகர் யார் என்று கேட்டால் கிளிமெக்கின் பெயரைத்தான் சொல்வார்.

சிறையிலிருந்து வந்தவரை அரங்கில் சேர்க்கவில்லை. கிடங்கொன்றில் உருளைக்கிழங்கு மூட்டைக்குக் காவல் இருந்தார். ஊருக்குள் அவர் தாடை மட்டும் தனியாக வளர்ந்துகொண்டே போனது. நான்கு போலீஸ்காரர்கள் மிதித்து உடைத்த தாடை, பிறகு எட்டுப் போலீஸ்காரர்கள். எண்பத்தொன்பதில் தேர்தல் வந்தபோது சங்கத்தின் வேட்பாளராக வேறு யாரையும் யோசிக்கவில்லை. சுவரொட்டியில் அவரைப் பக்கவாட்டில் படமெடுத்துப் போட்டார்கள், கோணல் தெரியும்படி.

தேர்தல் கூட்டம் அதே அரங்கில். மேடையில் லூட்சியான் அவருக்கு இடப்புறம், நல்ல காது அவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்திருந்தான். மழைநாள் என்பதால் மேலங்கிகள் முன்மண்டபத்தில். ட்ரோஸ்ட் பேசியது பாதிதான் புரிந்தது, தாடை அப்படி. ஒரு தொழிலாளி எழுந்து கேட்டார்.

"ஐயா, உங்க தாடையை உடைச்சவன் பேரைச் சொல்லுங்க. ஊரே தெரிஞ்சுக்கட்டும்."

"நான்தான்" என்றார் ட்ரோஸ்ட். "யாரும் அடிக்கல. நானா விழுந்தேன்."

அரங்கம் சிரித்துத் தள்ளியது. எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பதிலுக்காகவே ஓட்டுப் போட்டோம் என்று பலர் பிறகு சொன்னார்கள். ட்ரோஸ்ட் வசனக் கூண்டைப் பார்த்தார். அப்பொலோனியா ஓய்வு பெற்றுவிட்டாள். கூண்டைப் பலகை வைத்து மூடியிருந்தார்கள்.

கூட்டம் முடிந்து ட்ரோஸ்டும் லூட்சியானும் முன்மண்டபத்தில் மேலங்கி வரிசையில் நின்றபோது, முன்னால் நின்று திரும்பிப் பார்த்தவர் கிளிமெக். வேலையை விட்டு விலகியிருந்தார். கையில் வில்லை.

"ட்ரோஸ்ட் சார். இன்னைக்கு நீங்க சொன்னதை அந்த அரங்கத்துல நம்புனது நான் ஒருத்தன்தான்" என்றார், உண்மையான மரியாதையோடு. பிறகு லூட்சியானின் இடப்பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார்.

"என்ன?" என்றான் லூட்சியான். "அந்தப் பக்கம் கேக்காது. இந்தப் பக்கம் சொல்லுங்க."

கிளிமெக் சுற்றி வந்து நல்ல காதில் சொன்னார். "அன்னைக்கு நீங்க பாத்திரத்தை விட்டு வெளியவே வரல. நான் பாத்ததிலேயே அருமையான நடிப்பு அது."

லூட்சியான் அடித்தான். தோளிலிருந்து, முழுக் கையும் சுழன்று. சத்தம் அடித்தவன் கையிலிருந்து வந்தது.

கிளிமெக் விழுந்தார். முழங்கால், இடுப்பு, தோள், கடைசியில் கன்னம். மூன்றாம் வரிசையிலிருந்து அத்தனை ஒத்திகை பார்த்ததில் உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். தேர்தலுக்கு முன்னால் நாடகக்காரர்கள் போட்டுக் காட்டும் குறும்புக் காட்சி என்று நினைத்து, வாய்விட்டுச் சிரித்துக் கைதட்டினார்கள்.

"நிஜமாத்தான் அடிச்சான்" என்றார் கிளிமெக், தரையிலிருந்து. உதடு கிழிந்திருந்தது. "சொல்லுங்க, ட்ரோஸ்ட் சார். நிஜம்னு சொல்லுங்க."

சிரிப்பு கூடியது. லூட்சியான் பூட்ஸ் காலைப் பின்னுக்கு இழுத்தான். அவன் முகம் துருப்பிடித்த முகமாக இல்லை, அன்று மேசையில் ஆட்டுக்காலை நீட்டியபோது இருந்ததைவிட உயிரோடு இருந்தது. குறி கிளிமெக்கின் காது. மண்டபம் முழுக்கக் கைதட்டிக்கொண்டிருக்க, நடப்பது என்னவென்று தெரிந்தவர் அங்கே ட்ரோஸ்ட் ஒருவர்தான். முதல் அடியை அவர் தடுக்காமல் விட்டுவிட்டார். வேண்டுமென்றே விட்டார், அதில் அவருக்குச் சந்தேகமில்லை, வருத்தமும் இல்லை.

கால் வந்தபோது குறுக்கே போய் நின்றார். உதை அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விழுந்தது. இந்த முறை எப்படி விழுவது என்று யோசிக்க நேரமில்லை. விழவும் இல்லை. மேலங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போதும்டா" என்றார். தாடைக்குள் சொல் நசுங்கியது.

"என்ன?" என்றான் லூட்சியான், நல்ல காதைத் திருப்பி.